கண்ணாடியில் ஒட்டிய பொட்டுகள்

என் நாட்குறிப்பில் இதுவரை ஒரு பக்கத்தைக்கூட நான் கிழித்ததில்லை. தவறாக எழுதியதைக் கிறுக்கி மறைத்ததுமில்லை. தவறின் மேல் ஒரே ஒரு கோடு போடுவேன். கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று படிக்க முடிய வேண்டும். பக்கத்தில் சரியானது, தேதி, 'நி.ம.' என்ற சுருக்கொப்பம். மருந்து ஆய்வு வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுத்த விதி இது. அலுவலகத்துக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லாததால் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

எனவே 2047ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததை எழுத என் நினைவை நான் நம்ப வேண்டியதில்லை. என் நினைவை நான் அவ்வளவாக நம்புவதுமில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயது. பெயர் நிறைமதி. பகலில் பல்லடம் சாலையில் ஒரு நூற்பாலைக்குள் இருந்த மருந்து ஆய்வு நிலையத்தில் உதவியாளர். மாலையில் திருப்பூரில் ஒரு மாலைக் கல்லூரியில் உடலியங்கியல், இரண்டாம் ஆண்டு. ஆய்வில் அறுபது பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் அந்த ஆலையில் வேலை செய்பவர்கள். முப்பது பேருக்கு உண்மையான மாத்திரை, முப்பது பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதல் வாரத்தில் மௌனிகா அக்கா கேட்ட கேள்வி என் குறிப்பில் அப்படியே இருக்கிறது. அவர் ஆலையின் பேருந்து ஓட்டுநர். முப்பத்தாறு வயது. காலை ஐந்தரை மணிக்கு ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு வருபவர்.

"சக்கரை வியாதி இல்லைங்கறீங்க. அப்பறம் எதுக்குங்க மாத்திரை?"

"சர்க்கரை இல்லைக்கா. சர்க்கரைய அடக்கற இன்சுலின் உங்க ரத்தத்துல தேவைக்கு மேல ஓடுது. உடம்பு அது சொல்றத கேக்கறதில்ல. கேக்கலைன்னதும் கணையம் இன்னும் அதிகமா சுரக்குது. அதனாலதான் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல பசி, எப்பவும் அசதி."

"எங்க சூப்பர்வைசர் மாதிரி. யாரும் கேக்கலைன்னா இன்னும் சத்தமா கத்துவாரு."

"அதேதான்க்கா. பரபரப்பா இருந்தா அட்ரினலின் வந்து கணையத்துல ஒரு பூட்டைத் திறந்து இன்னும் கொட்ட விடும். இந்த மாத்திரை அந்தப் பூட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். கத்தல் குறையும்."

"இந்தக் கழுத்துக் கருப்பு?"

"அதுவும் இன்சுலின்தான். குறைஞ்சா வெளுக்கும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணி அக்கா சட்டென்று நிமிர்ந்தார். நூல் சுற்றும் பிரிவில் வேலை, மௌனிகா அக்காவின் பக்கத்து வீடு. "அதை மொதல்லயே சொல்றதுக்கு என்னுங்க அம்மணி? குளிக்க மாட்டியாடின்னு கேக்காத ஆளில்லை எனக்கு. பீர்க்கங்கா நாரு போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு தோலே உரிஞ்சுபோச்சு."

அன்றிலிருந்து அந்த மருந்துக்குப் பெண்கள் வைத்த பெயர் 'கழுத்து மாத்திரை'. எங்கள் கோப்பில் அதற்கு ஓர் எண்தான் இருந்தது. கோப்பைத் தவிர வேறு எங்கும் அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை.

எல்லாருடைய கையிலும் ஒரு வளையல் போட்டிருந்தோம். விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கும் வழக்கம் குறைந்து பத்து வருடம் ஆகிவிட்டது. இந்த வளையல் நாடித்துடிப்பையும் கை நடுக்கத்தையும் பார்த்துச் சர்க்கரை எவ்வளவு என்று ஊகித்துவிடும். சர்க்கரை தாழ்ந்தால் இதயம் படபடக்கும், கை நடுங்கும். உடனே வளையல் சிவப்பாக மாறிக் கூவும். மற்ற நேரமெல்லாம் பச்சை.

ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். ரத்தம் எடுப்போம். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மறுபடியும் எடுப்போம். அதன் பிறகுதான் சாப்பாடு. ரத்தக் குப்பிகள் முத்திரை வைத்துப் பெங்களூருக்குப் போகும். முடிவுகள் பதினாறாம் வாரம் வரை யாருக்கும் காட்டப்படாது. அதுவரை பாதுகாப்புக்கு வளையல் போதும் என்பது ஏற்பாடு.

ஆறாம் வாரம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். தாரணி அக்காவின் புடவையில் டீ சிந்தியிருந்தது.

"அக்கா, வெறும் வயித்தோட வரச் சொன்னோமே?"

"வெறும் வயிறுதானுங்க. ஒண்ணுமே சாப்பிடலை."

"டீ?"

"டீ சாப்பாட்டுல சேராதுங்களே."

விசாரித்தேன். அறுபது பேரில் ஐம்பத்தேழு பேர் ஆலை வாசலில் டீ குடித்துவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கரண்டி சர்க்கரையோடு. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களா" என்று படிவத்தில் இருந்த கேள்விக்கு "இல்லை" என்பதுதான் அவர்கள் அறிந்த உண்மையான பதில்.

நான் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு எழுதிக் கதவில் ஒட்டினேன். 'பரிசோதனை நாளில் டீயும் சாப்பாடே. குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.' ஆய்வின் தலைமை மருத்துவர் டாக்டர் வேதமுத்து அதைப் படித்துவிட்டு, "வெரி குட், இப்படித்தான் இருக்கணும்" என்றார். அன்று இரவு அந்த வாக்கியத்தை நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் கிழிக்கவில்லை.

எட்டாம் வாரம் சனிக்கிழமை, நிலையத்தைத் துப்புரவு செய்யும் சரசக்கா கழிப்பறைக்குள்ளிருந்து கத்தினார்.

"ஏனம்மணி, உங்க ஆளுகளுக்கெல்லாம் நெத்தியில பொட்டு நிக்கறதே இல்லையா?"

போய்ப் பார்த்தேன். முகம் கழுவும் இடத்துக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர் பொட்டுகள். மெரூன், கறுப்பு, கல் வைத்தது, பாம்பு போல் வளைந்தது. பொட்டு நழுவினால் யாரும் கீழே போட மாட்டோம். பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். நானும் அப்படித்தான்.

"முன்னெல்லாம் வாரத்துக்கு அஞ்சோ ஆறோ இருக்கும். போன வாரம் ஊருக்குப் போயிட்டேன். ரெண்டு வாரத்துல இத்தனை. பிளேடு வெச்சு சொரண்டறதுக்கே என்ற பொழுது போகுது."

எண்ணினேன். நாற்பத்தேழு.

ஏன் எண்ணினேன் என்று கேட்டால் சரியான காரணம் சொல்ல முடியாது. பார்ப்பதை எண்ணுவது என் வழக்கம். எங்கள் தெருவில் உள்ள வேப்ப மரங்கள் என் குறிப்பில் இருக்கின்றன. ஆனால் 'முன்னெல்லாம் ஐந்து, ஆறு' என்ற பேச்சு மனதைக் குடைந்தது. அடுத்த திங்கள் முதல் ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது நெற்றியில் பொட்டு இருந்ததா, வெளியே போகும்போது இருந்ததா, நெற்றி ஈரமாக இருந்ததா என்று என் சொந்த நோட்டில் குறித்தேன். அதே கழிப்பறைக்கு வரும் ஆலை அலுவலகப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் ஆய்வில் இல்லாதவர்கள்.

மூன்று வாரம். அலுவலகப் பெண்களில் ஒருவருக்கு ஒரே ஒரு முறை பொட்டு விழுந்தது. ஆய்வில் இருந்த அறுபது பேரில் முப்பத்தாறு பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. மீதி இருபத்திநான்கு பேருக்கு மூன்று வாரமும் விழுந்தது. அதே நாற்காலி, அதே குளிர்சாதன அறை, அதே நேரம். முதல் ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நெற்றி முத்து முத்தாக வேர்க்கும். கேட்டால், "என்னமோ கண்ணக் கட்டறாப்ல இருக்குதுங்க. படபடப்பெல்லாம் இல்லை" என்பார்கள். வளையல் பச்சையாக இருக்கும்.

எண்ணத் தொடங்கிய மூன்றாவது வாரம் புதன்கிழமை மாலை வகுப்பில் வியர்வைச் சுரப்பிகள் பாடம். பேராசிரியர் சொல்லிக்கொண்டே போனார்: ஆபத்து வந்தால் இதயத்தைப் படபடக்க வைப்பதும் கையை நடுங்க வைப்பதும் அட்ரினலின். ஆனால் வியர்க்க வைக்கும் நரம்பு மட்டும் வேறு தூதனைப் பயன்படுத்துகிறது. அதற்கு அட்ரினலின் பூட்டு தேவையில்லை.

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் வேதமுத்துவின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் அல்ல. பன்னிரண்டு வருடம் இந்த ஒரு மருந்துக்காக உழைத்தவர். அவருடைய அம்மாவின் கழுத்தும் அப்படித்தான் இருந்ததாம்.

"டாக்டர், மாத்திரை கணையத்துல இருக்கற பூட்டை மட்டும் அடைக்கலை. இதயத்துல இருக்கற பூட்டையும் கையில இருக்கறதையும் அடைக்குது. சர்க்கரை தாழ்ந்தா உடம்பு அடிக்கற மணியெல்லாம் அடைஞ்சுபோச்சு. வேர்வை ஒண்ணுதான் பாக்கி. வளையல் வேர்வைய பாக்கறதில்ல."

"சர்க்கரை ஏன் தாழணும்? இது இன்சுலினைக் குறைக்கற மருந்து." கேட்டுவிட்டு அவர் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"இன்சுலின் குறைஞ்சது உண்மைதான் டாக்டர். ஆனா ஆறேழு வாரத்துல உடம்பு அது சொல்றத மறுபடி கேக்க ஆரம்பிச்சிருச்சு. இப்ப கொஞ்சம் இன்சுலினே போதும், சர்க்கரை இறங்கிரும். வெறும் வயித்துல இறங்கினா கல்லீரல்தான் அவசரத்துக்குச் சர்க்கரை விடணும். அந்தக் கதவுக்கும் அட்ரினலின் பூட்டுதான்."

"நிறைமதி, இது மே மாசம். எனக்கே வேர்க்குது." கையை நீட்டித் திரையைக் காட்டினார். அறுபது பச்சைப் புள்ளிகள். "வளையல் பச்சையா இருந்தாப் போதும்னு அனுமதி கிடைச்சாச்சு, ஜூன் ஒண்ணாம் தேதி பதினோராயிரம் பேருக்கு இதைக் கொடுக்கப் போறோம். ஸ்டிக்கர் பொட்டு விழுதுன்னு நான் நிறுத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

அன்று நாட்குறிப்பில் நான் இதற்கு முன் எதிலெல்லாம் தவறு செய்தேன் என்று எழுதினேன். போன வருடம் குப்பிகளில் தேதி மாற்றி ஒட்டியது. தேர்வில் கல்லீரலும் மண்ணீரலும் குழம்பியது. இந்தக் கணக்கும் அப்படி ஒன்றாக இருக்கலாம். பிறகு, பொட்டுகள் எப்போதிலிருந்து விழத் தொடங்கின என்று பின்னோக்கிப் புரட்டினேன். சரசக்காவின் 'முன்னெல்லாம்' எங்கே முடிந்தது என்று தேடினேன். ஆறாம் வாரத்தில் முடிந்திருந்தது. டீயை நான் நிறுத்திய வாரம்.

வாசலில் குடித்த இரண்டு கரண்டி சர்க்கரைதான் அந்தப் பெண்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை நிறுத்தியது என் கையெழுத்து. அறிவிப்பு எழுதிய அன்று காலை நான் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தேன். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.

ஆய்வில் சேரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் தாளின் கடைசி வரியில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். பாதுகாப்புக் குழு. மருந்து நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் கட்டுப்படாத மூன்று பேர். தாளை அறுபது பேருக்கும் படித்துக் காட்டியவள் நான்தான். அந்த எண்ணை அழைத்த முதல் ஆளும் நான்தான்.

குழுத் தலைவர் பேராசிரியர் ஹமீதா பானு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நல்லதும்மா. மூல ஆவணம் எங்க?"

"என் டைரிதான் மேடம்."

"அதைக் கொண்டு வாங்க. முழுசா. நடுவுல ஒரு பக்கம் இல்லைன்னாலும் நான் எடுத்துக்க மாட்டேன். தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் அன்று மாலை அரை மணி நேரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 44ஆம் பக்கத்தில் டீ அறிவிப்பும் இட்லியும். 61ஆம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'டாக்டர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், சராசரி 4 விநாடி. பதினொரு முறை அளந்தது.' அதற்குக் கீழே அவர் சட்டையின் நிறப் பொருத்தம் பற்றி ஒரு வரி. அதை இங்கே மறுபடி எழுத விரும்பவில்லை.

இரண்டு பக்கம்தான். தையலோடு உருவினால் தெரியாது. பக்க எண்களை நானே போட்டிருப்பதால் தெரியும். போட்டவள் நான்.

சனிக்கிழமை எண்ணிக்கை முடிந்ததும் முழுதாகக் கொடுத்தேன். கூடவே ஒட்டிய உறை ஒன்று. உண்மையான மாத்திரை சாப்பிடுபவர்கள் என்று நான் நினைத்த இருபத்திநான்கு பேரின் எண்கள் அதில் இருந்தன.

பன்னிரண்டாம் வாரம் திங்கட்கிழமை மதியம் கூட்டம். மேசையின் ஒரு பக்கம் குழுவினர் மூவர், மறுபக்கம் டாக்டர் வேதமுத்துவும் நானும். நடுவில் என் நோட்டு. 61ஆம் பக்கத்தில் யாரோ மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்திருந்தார்கள்.

"பயந்தாலும்தான் வேர்க்கும். அதை எப்படிப் பிரிச்சீங்க?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

பதில் சொல்லக் குனிந்தேன். என் நெற்றியிலிருந்து பொட்டு நழுவி நோட்டின் மேல் விழுந்தது.

"இது பயம்தான் சார்" என்றேன். "இதைக் கணக்குல சேர்க்கலை." பேராசிரியர் ஹமீதா பானு முதலில் சிரித்தார். பிறகு டாக்டரும் சிரித்துவிட்டார். பயத்தை எப்படிப் பிரித்தேன் என்பதற்கு, அதே நாற்காலியில் அதே ஊசிக்கு உட்கார்ந்தும் வேர்க்காத முப்பத்தாறு பேரின் கணக்கைக் காட்டினேன்.

உறையைப் பிரித்தார்கள். இன்னொரு முத்திரையிட்ட உறையிலிருந்து ரகசியப் பட்டியலை எடுத்தார்கள். பேராசிரியர் என் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, பக்கத்திலிருந்தவர் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். "மருந்து. மருந்து. மருந்து." பதினைந்தைத் தாண்டியபோது டாக்டர் வேதமுத்து கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முப்பத்தொன்று என்ற எண் வந்தபோது மட்டும், "மாவு" என்றார் பட்டியலைப் பார்த்தவர். பிறகு மறுபடி, மருந்து, மருந்து.

இருபத்திநான்கில் இருபத்திமூன்று.

"தற்செயலா இப்படி அமையறதுக்கு வாய்ப்பு எவ்வளவு?" என்று பேராசிரியர் கேட்டார்.

"கோடியில ஒண்ணுகூட இல்லைங்க மேடம். மூணு தடவை போட்டுப் பார்த்தேன்."

டாக்டர் நீண்ட மூச்சு விட்டார். "பன்னிரண்டு வருஷம். வளையலைப் பார்த்துட்டு இருந்துட்டேன்" என்றார். அவர் வாதிட்டிருக்கலாம். வாதிடவில்லை. மருந்துக் குழுவின் முப்பது பேருக்கும் அன்றே மாத்திரை நிறுத்தம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாவு மாத்திரைக்காரர்கள் வழக்கம்போல் வரலாம். ஜூன் முதல் தேதித் திட்டம் இனி இல்லை. வெளியே வரும்போது, "அந்த ஒரு தப்பைப் பத்திக் கவலைப்படாதீங்க, இருபத்திமூணு போதும்" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்.

நோட்டைக் குழுவிடமே விட்டுவருவதற்கு முன் அதில் எழுதியிருந்தேன்: '24-இல் 1 பிழை. எண் 31.' எண் முப்பத்தொன்று மௌனிகா அக்கா.

அன்று மாலை வகுப்புக்குப் போகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தவர்களிடம் மாத்திரை அட்டைகளைத் திரும்ப வாங்கி எண்ணிக்கொண்டிருந்தேன். தாரணி அக்காவின் அட்டையில் ஆறு மாத்திரை இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது.

"மீதி மூணு எங்கக்கா?"

"கீழ விழுந்துருச்சுங்க."

"மூணுமா?"

"ஆமாங்க. எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மூன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணி அக்காவின் பக்கத்து வீடு மௌனிகா அக்கா. ரகசியப் பட்டியல் சொல்வது, மௌனிகா அக்கா சாப்பிட்டது மாவு. கண்ணாடி சொல்வது, இல்லை. பட்டியலை எழுதியது கணினி. கண்ணாடியைப் படித்தது, மண்ணீரலையும் கல்லீரலையும் குழப்பிய நான். வேறு எந்த நாளாக இருந்தாலும் பட்டியலைத்தான் நம்பியிருப்பேன். ஆனால் மறுநாள் செவ்வாய். மௌனிகா அக்காவின் பரிசோதனை நாள். டீ குடிக்காமல், முப்பது பெண்களை ஏற்றிக்கொண்டு ஓட்டி வருவார். கைபேசியில் அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார். விடியலில் வண்டி எடுப்பவர்கள் எட்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள்.

காலை ஐந்து மணிக்கு அப்பாவை எழுப்பி வண்டி ஓட்டச் சொல்லி, மௌனிகா அக்காவின் ஊர்ச் சந்திப்புக்குப் போனேன். பையில் பிளாஸ்க் நிறைய டீ, நிலையத்தின் பழைய பொருட்கள் அலமாரியிலிருந்து முந்தைய நாள் மாலை கிளம்பும்போதே மனம் கேட்காமல் எடுத்து வைத்த ஊசி மீட்டர் ஒன்று. அதன் சோதனைப் பட்டைகள் காலாவதி ஆகவில்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். என் விரலில் குத்திச் சோதித்தும் பார்த்தேன். 91.

பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பாதிப் பெண்கள் ஏறிவிட்டார்கள். நான் அதன் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, எஞ்சினை அணைங்க."

"ஏனம்மணி, விடியக்காலம் வந்து வழிய மறிக்கற? ஊர்வலமா?" உள்ளேயிருந்து ஒரு குரல், "டைம் ஆவுதுங்க, கார்டு பஞ்ச் பண்ணோணும்!" இன்னொரு குரல், "அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போங்க, அங்க போய்ப் பேசிக்கலாம்."

"அணைச்சாத்தான் நகருவேன்."

எஞ்சின் நின்றது. படியேறினேன். மௌனிகா அக்காவின் நெற்றி பளபளவென்று ஈரமாக இருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை. தலைக்கு மேலே, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில், மெரூன் பொட்டுகள் வரிசையாக ஆறு.

"இது எப்பக்கா ஒட்டினது?"

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம. வேர்த்து ஒழுகுது. அங்க வந்து வேற ஒட்டினாலும் நிக்கறதில்ல. எதுக்குக் கேக்கற?" பேச்சு கொஞ்சம் குழறியது. கையில் வளையல் பச்சை.

விரலைப் பிடித்துக் குத்தினேன். ஐந்து விநாடி. 46.

அந்த எண்ணில் மனிதர்கள் மயங்கி விழுவார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டும் விழுவார்கள். "குடிங்கக்கா" என்று டீயைக் கொடுத்தேன். "இன்னிக்கு டெஸ்டுங்களே, டீ சாப்பாடாச்சே" என்றார். கதவில் ஒட்டிய என் வாக்கியத்தை எனக்கே சொன்னார். "அந்த போர்டு எழுதினவளுக்கு ஒண்ணும் தெரியாது. குடிங்க."

இரண்டு தம்ளர். பதினைந்து நிமிடம் கழித்து 88. கடைசி இருக்கையிலிருந்து தாரணி அக்கா எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நாந்தானுங்க குடுத்தேன். எனக்குக் கழுத்து வெளுத்துருச்சு. இவளுக்கு அப்படியே இருந்துச்சு. ஒண்ணா சேர்ந்தோம், எனக்கு மட்டும் வெளுத்தா எப்படிங்க? ஞாயித்துக்கெழமையானா என்ற அட்டையில பாதிய வெட்டி இவளுக்குக் குடுத்துட்டு, இவ அட்டையில பாதிய நான் எடுத்துக்குவேன். நாலாவது வாரத்துல இருந்து."

"ஏன்டி, சொல்லாதன்னு சத்தியம் வாங்குனது நீதான!" என்றார் மௌனிகா அக்கா. பேச்சு தெளிவாக இருந்தது. அதைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. "ஏனம்மணி, கழுத்தப் பாரு. வெளுத்திருக்குதா இல்லையா?"

வெளுத்திருந்தது.

"பாதிலயே இந்த வேலை செய்யுதுன்னா முழுசும் முழுங்கினவளுக கதி?" என்று ஒருவர் கேட்க, "அவளுகளுக்கு நேத்தே நிறுத்தியாச்சு, எல்லாம் இந்தப் புள்ள பொட்டு எண்ணுனதுல" என்று இன்னொருவர் சொல்ல, யாரோ கை தட்டினார்கள். பிறகு பேருந்தே தட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மீட்டரைப் பார்த்தேன். வேறோர் ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்தார். எல்லாரும் ஒரு மணி நேரம் தாமதம். கார்டு பஞ்ச் செய்யும் இடத்தில் டாக்டர் வேதமுத்து தானே நின்று ஒவ்வொருவருக்கும் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

ரத்த முடிவுகள் ஜூலையில் வந்தன. மருந்துக் குழுவில் இன்சுலின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது. அளவைப் பாதியாக்கி, காலைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சர்க்கரை தாழ்வதில்லை என்று இரண்டாம் கட்ட ஆய்வு காட்டியது. பாதி அளவு போதும் என்ற யோசனையை முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் தாரணி அக்காவும் மௌனிகா அக்காவும் என்பது அறிக்கையின் அடிக்குறிப்பில், பெயர் இல்லாமல், இருக்கிறது. வளையலோடு கூடவே வியர்வையை உணரும் ஒரு சிறு வில்லையும் வரப்போகிறது. நெற்றியில் ஒட்டிக்கொள்வது. மாதிரி காட்டியபோது மௌனிகா அக்கா, "மெரூன் இல்லைன்னா நான் ஒட்டமாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டார். மெரூன் சேர்க்கப்பட்டது.

அதற்கெல்லாம் முன்பு, இரண்டாம் கட்ட விதிகளை எழுதும் கூட்டத்தில் என்னையும் உட்கார வைத்தார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டர் வேதமுத்து கேட்டார்: "நிறைமதி, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

கேட்டுவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார்.

"ஒரு விதி சேர்க்கணும் சார்" என்றேன். "வெறும் வயித்தோட வரணும்னு யார் அறிவிப்பு எழுதறாங்களோ, அவங்களும் அன்னிக்கு வெறும் வயித்தோட வரணும். கடைசி ஆள் சாப்பிடற வரைக்கும்."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

அன்று மாலை வகுப்புக்குப் பேருந்தில் போகும்போது நோட்டைத் திறந்தேன். இரண்டு திருத்தங்கள் செய்ய வேண்டியிருந்தது. '24-இல் 1 பிழை' என்ற வரியின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில், 'பிழை இல்லை', தேதி, நி.ம. பிறகு 61ஆம் பக்கம். '4 விநாடி' என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் '23 விநாடி, ஒரு முறை அளந்தது', தேதி, நி.ம.

சட்டையைப் பற்றிய வரியை அப்படியே விட்டுவிட்டேன். அது சரியாகத்தான் இருந்தது.